வாத்துக்கு மூணு தோட்டா

வெர்லின்: விரல் நீளக் குச்சி, டார்லா! அதை மேசை மேல வச்சேன். மாநிலச் சட்டசபையே எழுந்து நின்னு பத்து நிமிஷம் கைதட்டுச்சு. கட்டடத்து உச்சியில நிக்கிற தங்கக் குதிரைகூடக் கனைச்சுது!

லோவெல்: டார்லா, அவனுக்குக் காப்பி ஊத்துறதை நிறுத்து.

டார்லா: இருங்க லோவெல்... வெர்லின், நேத்து அந்தத் துப்பாக்கி மசோதா விசாரணைக்கா போனீங்க?

வெர்லின்: பின்னே? முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினவன்மா நான். ஓய்வுபெற்ற வாரம், முதல் வகுப்புப் பொடிசு ஒண்ணு ஏறிச்சு. "இன்னைக்கு அலமாரிக்குள்ள மூச்சுவிடாம ஒளிஞ்சிருந்தேன், மிட்டாய் குடுத்தாங்க"ன்னு பெருமையாச் சொல்லுச்சு. சுடுறவன் வந்தா ஒளியப் பயிற்சியாம்!

டார்லா: என் பொண்ணுக்கும் அதேதான்... சரி, குச்சி எதுக்கு?

வெர்லின்: வாத்து வேட்டையில துப்பாக்கிக்கு மூணு தோட்டாதான். சட்டம். நாலாவது நுழையாம இருக்க, உள்ள ஒரு மரக்குச்சி செருகி வைப்போம். அதை உருவிக் கொண்டுபோனேன். "வாத்துக்கு இருக்கிற பாதுகாப்பு பிள்ளைங்களுக்கு இல்லையா? மூணுகூடக் கேக்கல, பத்துத் தோட்டாவோட நிறுத்துங்க"ன்னேன். நாப்பது உறுப்பினரும் தேம்பித் தேம்பி...

லோவெல்: பதினேழு பேர்.

வெர்லின்: என்னது?

லோவெல்: ...மசோதாவை விசாரிக்கிற குழுன்னா அவ்வளவுதான் இருக்கும். பொதுவாச் சொன்னேன்.

டார்லா: "மசோதாவுக்கு ஆதரவாப் பேசினா இனிமே என் படகுல ஏறாதே"ன்னு இதே மேசையில கத்தினவர்தானே நீங்க?

லோவெல்: கத்தல. உரக்கச் சொன்னேன்.

வெர்லின்: நாப்பத்திரண்டு வருஷமா ஒரே படகு, டார்லா. இந்த வருஷம் கரையில நின்னு கையாட்ட வேண்டியதுதான்னு தெரிஞ்சேதான் போனேன். மூணு மணி நேரம் பேசினேன்! குழுத் தலைவியம்மா "இன்னும், இன்னும்"னு கெஞ்சினாங்க.

லோவெல்: ரெண்டு நிமிஷம். மணி அடிச்சதும் பாதியில வாயை மூடினே.

டார்லா: அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

லோவெல்: எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம்தான்மா... என் கேரமல் ரொட்டி எங்கே?

டார்லா: வரும். மசோதா என்னாச்சு?

வெர்லின்: அங்கதான் கதையே! எட்டுப் பேர் வேணும்னாங்க, எட்டுப் பேர் வேணாம்னாங்க. மிச்சம் ஒருத்தர். வேட்டைக்காரங்க கோவிச்சுக்குவாங்களேன்னு முழிக்கிறார். அப்போ எதிர்த்துப் பேச ஒருத்தரைக் கூப்பிட்டாங்க. சிவப்புச் சட்டை. ஏழடி உயரம், கதவு அகலத்துக்குத் தோள், முகத்துல அப்படி ஒரு ஒளி...

லோவெல்: ஏழடியா!

டார்லா: யாருங்க அது?

வெர்லின்: என் கண்ணாடியில ஆவி படிஞ்சிருச்சு, முகம் தெரியல. தலைவியம்மா குச்சியை நீட்டி, "இதனால உங்க வேட்டை கெட்டுச்சா?"ன்னு கேட்டாங்க. அந்த மகான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாரை தாரையாக் கண்ணீர்...

லோவெல்: அழல! சளி. மூக்கு ஒழுகிச்சு!

டார்லா: லோவெல்...? சரி, அவர் என்ன பதில் சொன்னார், வெர்லின்?

வெர்லின்: எனக்கு எங்கேம்மா தெரியும்... காது வேற சரியாக் கேக்கல.

லோவெல்: பொய்! முன்வரிசையில உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தே!

டார்லா: அப்போ நீங்களே சொல்லிடுங்க.

லோவெல்: மெதுவா... பின்னாடி மேசையில எங்க துப்பாக்கிச் சங்கத்து ஆளுங்க. அந்தக் குச்சி எங்க வீட்டுத் துடைப்பக் கட்டையில வெட்டினதும்மா. இவன் குச்சி ஏரியில விழுந்தப்போ நான் செதுக்கிக் குடுத்தது. அடியில என் பேரோட முதல் எழுத்து இருக்கு. எதிர்த்துப் பேசத்தான் எழுதிட்டுப் போனேன். அதைக் கையில வச்சுக்கிட்டு எப்படி எதிர்க்கிறது...

டார்லா: அப்புறம் என்னதான் சொன்னீங்க?

லோவெல்: "இதைச் செதுக்கினவனே நான்தான். இதனால எங்களுக்கு ஒரு வாத்தும் தப்பல. தப்பினதெல்லாம் வெர்லின் சுட்டது"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன்.

வெர்லின்: ஒன்பதுக்கு எட்டு! முதல் படி தாண்டியாச்சு, அடுத்தது முழுச் சபை! டேய், கைதட்டினதையும் சொல்லுடா.

டார்லா: அது மட்டும் நிச்சயம் புளுகு.

லோவெல்: இல்லம்மா... நடந்துச்சு. பத்து நிமிஷம் இல்ல, அரை நிமிஷம். குதிரை கனைச்சுதான்னு தெரியாது. ஆனா ஓட்டு எண்ணி முடிச்சதும் இவனுக்காகக் கூடமே எழுந்து நின்னுச்சு... முதல்ல எழுந்தவன் நான்தான். டேய், சிரிக்காதே. படகுக்கு இந்த வருஷம் நீதான் பெயிண்ட் அடிக்கணும்.