செவலைக்குப் பார்த்த வீடு

கெளம்பறேம்பா, கெளம்பறேன். பையெல்லாம் கட்டி வாசல்ல வச்சாச்சு. மாப்பிள்ளை காத்துக்கிட்டிருப்பார்னு காலையிலேர்ந்து சொல்லிட்டே இருக்கீங்க, காதுல விழாமலா இருக்கு? செவலைக் குதிரைக்கு இந்தப் பக்கம் மட்டும் தேய்ச்சு விட்டுட்டு வந்துடறேன். பாதியில விட்டா இது செவுத்துல உரசிட்டே நிக்கும், உங்களுக்கே தெரியும்.

கோவம்லாம் இல்ல. கோவப்பட்டு என்ன ஆகப்போகுது? சிரிப்புதான் வருது. நேத்து ஒருத்தர் நம்ம காப்பகத்து நொண்டி நாயை வளக்கக் கேட்டு வந்தாரே, அவரை என்ன பாடு படுத்தினீங்க. வீட்டுல யார் யாரு, பகல்ல யார் இருப்பாங்க, கோவம் வந்தா என்ன செய்வீங்கன்னு. மனுஷன் வேர்த்து ஊத்திப் போனார். ஒரு நொண்டி நாய்க்கு. எனக்கு மாப்பிள்ளை பாத்தப்ப என்னப்பா கேட்டீங்க? பையனுக்கு என்ன வேலை, சொந்த வீடா வாடகையா. டீ நல்லா இருந்துச்சுன்னு வேற சொல்லிட்டு வந்தீங்க.

ஆமா, சிகரெட் கூடக் கெடையாது, நல்ல பையன்தான். அந்த வீட்டுல நாய் இல்ல பாருங்க, அதான் குறை. இருந்திருந்தா, அவர் உள்ள நுழைஞ்சதும் அது எங்க போய்ப் பதுங்குதுன்னு பாத்து நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க.

என்னத்தையா? விடுங்க.

செவலையை ஒரு பண்ணை வீட்டுக்குக் குடுத்தோமே, ஞாபகம் இருக்கா? நல்ல லாயம், நல்ல புல்லு. சொல்லாம கொள்ளாம ஒரு நாள் போய் நின்னீங்க, நானும் கூட வந்தேன். அந்த ஆள் இதைக் கொஞ்சிக்கிட்டே நிக்கறார். உடம்புல ஒரு கீறல் இல்ல. நீங்க சும்மா தலையைச் சொறியற மாதிரி கையைத் தூக்கினீங்க. அவ்வளவுதான், செவலை தலையை வெடுக்குன்னு பின்னால இழுத்து, கண்ணு பிதுங்கி, செவுத்தோட ஒட்டிக்கிச்சு. அங்கேயே கயித்தை அவுத்துட்டீங்க. அந்த ஆள் கெஞ்சறார், இனிமே நடக்காதுங்கறார், குதிரைன்னா ஒரு தட்டு தட்டத்தானே வேணும்ங்கறார். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அன்னிக்கு உங்களை நெனச்சு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?

எனக்குன்னு வந்தா மட்டும், சின்னச் சின்னச் சண்டை எந்த வீட்டுலதான் இல்லன்னு சொல்றீங்க. சரிப்பா.

பாப்பாவா? அதோ, உங்க பேத்தி தீவன மூட்டை மேல உக்காந்திருக்கா, பூனையை மடியில போட்டுக்கிட்டு. மூணு வயசுப் புள்ள ஏன் வாயே தெறக்க மாட்டேங்குதுன்னு நீங்ககூடக் கேட்டீங்களே. காலையில ஆணியிலேர்ந்து கடிவாளத்தை எடுக்க அவ தலைக்கு மேல கையைத் தூக்கினீங்கல்ல? நீங்க கடிவாளத்தைப் பாத்தீங்க, நான் அவளைப் பாத்தேன். கழுத்தைத் தோளுக்குள்ள இழுத்து, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, செவுத்தோட ஒட்டிக்கிட்டா. சத்தமே இல்ல.

முடிஞ்சுது, இந்தாங்க பிரஷ். பையை வண்டியில ஏத்தறதுன்னா ஏத்துங்க, உங்க இஷ்டம். அவளைத் தூக்கப் போறப்ப மட்டும் கையை மெதுவா, கீழேர்ந்து கொண்டு போங்க. செவலைகிட்டப் போற மாதிரி.