கயத்தாறு தாண்டி எரிந்த விளக்கு

— சிவப்பா எரியுதா, மஞ்சளா எரியுதா? அத மொதல்ல சொல்லுக்கா.

— மஞ்சள். குதிரை லாடம் மாதிரி இருக்கு, நடுவுல ஒரு ஆச்சரியக்குறி. சத்தமாப் பேசாதலே ஹெப்ரான், போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அம்மா பின் சீட்டுல தூங்குதாவ.

— அம்மாவா? அம்மாவும் உன்கூட வாராவளா?

— அதெல்லாம் பெறகு பேசலாம்லே. நாலு வருசம் கழிச்சு அக்கா போன் பண்ணுதா, அதுவும் டயர் விளக்கைக் கேக்குதாளேன்னு நினைக்காத. எனக்குத் தெரிஞ்ச ஒரே டயர்கடைக்காரன் நீதான்.

— நான் ஒண்ணும் நினைக்கல. எங்கன வந்துக்கிட்டிருக்க?

— கயத்தாறு தாண்டியாச்சு. நாலுவழி ரோடு. பின்னால ஒரு லாரி முட்டுத மாதிரியே வருது.

— எத்தனையில போற?

— தொண்ணூறு.

— ஆக்சிலேட்டர்ல இருந்து காலைப் பைய எடு. பிரேக்கை மிதிச்சிராத. பைய, பைய. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்.

— ஹாரன் அடிக்கான்லே!

— அடிச்சிட்டுப் போறான். அவன் வழி அவனுக்கு. நீ இடது ஓரத்துக்கு வா.

— வந்துட்டேன். எழுபது. அறுபது. அப்பாடா, லாரி தாண்டிப் போயிட்டு.

— வண்டி எந்தப் பக்கமாவது இழுக்குதா?

— இடது பக்கம் இழுக்குத மாதிரிதான் இருக்கு. பின்னால வேற என்னமோ ஆடுது. எனக்குச் சொல்லத் தெரியல.

— விளக்கு எப்ப எரிய ஆரம்பிச்சுது?

— காலையில கொடைக்கானல்ல வண்டியை எடுக்கும்போதே எரிஞ்சுது. எங்க பள்ளிக்கூட வேன் டிரைவர் பெருமாள்ராஜ் வந்து பாத்தாரு. ராத்திரி குளிருக்கு டயர்ல காத்து சுருங்கியிருக்கும் டீச்சர், கீழ இறங்கினா தானா அணைஞ்சிரும்னாரு. அதே மாதிரி வத்தலக்குண்டு வரவும் அணைஞ்சிட்டு.

— அவரு சொன்னது சரிதான். பெறகு?

— சாத்தூர் தாண்டி மறுபடியும் எரிஞ்சுது.

— வெயில்லயா?

— உச்சி வெயில்ல.

— யக்கா, குளிர்ல எரிஞ்சா காத்து சுருங்கியிருக்குன்னு விட்டுறலாம். வெயில்ல காத்து விரியத்தான செய்யணும்? விரிஞ்சும் விளக்கு எரியுதுன்னா எங்கயோ இறங்கிக்கிட்டிருக்கு. ஆணி ஏறியிருக்கும். கோவில்பட்டியில நிறுத்திப் பாத்திருக்கலாம்லா?

— பாத்தோமே. பங்க்குல நிறுத்தி நாலு டயர்லயும் காத்தைக் குறைச்சாச்சு.

— என்னது? குறைச்சியா?

— கத்தாதலே! வெயில் காலத்துல காத்து நிறைய இருந்தா வெடிச்சிரும்லா?

— யாரு சொன்னா?

— அம்மாதான். சித்திரை பிறந்தாலே அப்பா நாலு டயர்லயும் காத்தைக் குறைச்சிட்டுத்தான் வண்டியை எடுப்பாவளாம்.

— அப்பா பழைய அம்பாசடரை வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் ஓட்டினாவ. நாப்பதைத் தாண்டினதே கிடையாது. நீ தொண்ணூறுல வார. காத்து குறைஞ்சாத்தான்க்கா டயர் நசுங்கி நசுங்கி ஓடும். நசுங்க நசுங்கக் கொதிக்கும். கொதிச்சாத்தான் வெடிக்கும். வெடிச்சிருமேன்னு பயந்து, வெடிக்கதுக்கு உள்ள வேலையைச் செஞ்சு வச்சிருக்கிய.

— இப்ப திட்டாதலே. என்ன செய்யணும்னு சொல்லு.

— இடது பக்கம் நிழல் ஏதாவது தெரியுதா?

— ஒரு வேப்பமரம் இருக்கு. பக்கத்துல பூட்டிக்கிடக்குத டீக்கடை.

— இண்டிகேட்டர் போட்டுக்கிட்டு ரோட்டைவிட்டு நல்லா இறங்கி நில்லு. அவசரப்படாத. பைய.

— நின்னாச்சு. ஆண்டவரே... நின்னாச்சுலே.

— அழுதியா?

— இல்ல.

— அழுதாலும் பரவாயில்ல. ரோட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்திராத. இடது சீட்டுக்குத் தாவி அந்தப் பக்கமா இறங்கு.

— சேலையைக் கட்டிக்கிட்டு எப்படிலே தாவ?

— லாரி இடிக்கதுக்கு இது தேவலை. தாவு.

— சரி, இறங்கிட்டேன். ஐயோ, பின்னால இடது டயர். அடிப்பக்கம் சப்பையாக் கிடக்கு. ரப்பர் கருகின நாத்தம் அடிக்கு.

— கையை வச்சிராத, சுடும். தண்ணியும் ஊத்தாத. இன்னும் ரெண்டு மைல் ஓடியிருந்தா... சரி, விடு. அதான் ஓடலையே.

— இப்படியே பைய உருட்டிக்கிட்டுப் போயிரலாமா? இங்கன இருந்து முப்பது கிலோமீட்டர்தான?

— கூடவே கூடாது. அப்படி என்னக்கா அவசரம்?

— மூணு மணிக்கு நாங்க பாளையங்கோட்டையில இருக்கணும்.

— மூணு மணிக்கு என்ன?

— ஒரு வேலை.

— யக்கா.

— ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன்.

— நம்ம வீடா?

— ம்.

— யாரு பேருக்கு?

— என் பேருக்கு. முழுசா. நான் கேக்கலலே. சத்தியமா நான் வாயத் திறந்து கேக்கல. நீ வீட்டை மீறி சபீதாவைக் கட்டினதுல இருந்து அம்மா மனசு ஆறவே இல்ல. பையன்னு ஒருத்தன் எனக்கு இல்லன்னு எழுதி வச்சிட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு நிக்காவ. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.

— இதைச் சொல்லாமதான் டயருக்கு வைத்தியம் கேட்டியா?

— உன்கிட்ட எந்த வாயால சொல்ல?

— அப்பாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு நானும் சபீதாவும் கல்லறைத் தோட்டத்து வாசல்லயே நின்னோம். உள்ள வந்தா அம்மாவுக்கு மயக்கம் வந்துரும்னு உன் வீட்டுக்காரருதான் தடுத்தாரு. அம்மா எங்களைத் தாண்டித்தான் காருல ஏறினாவ. திரும்பல. வீடு போறது எனக்குப் பெருசில்லக்கா. அன்னைக்கு ஒரு தடவை திரும்பியிருக்கலாம்.

— உனக்குக் கோவம் வரலையா?

— வராம இருக்குமா? அதுக்காக நடுரோட்டுல உங்களை விட்டுட முடியுமா? இப்ப டயரைப் பாப்போம்.

— ஏட்டி கிறிஸ்டி. வண்டியை ஏன் நிறுத்திட்ட? போன்ல யாரு?

— ஒண்ணுமில்லம்மா. முழிச்சிட்டியளா? டயர்ல காத்து இறங்கிட்டு. நம்ம வேன் டிரைவர்தான் லைன்ல இருக்காரு, பெருமாள்ராஜ்.

— அந்தக் கொடைக்கானல் டிரைவரா? போனை இங்கன கொண்டா. தம்பி, பெருமாள்ராஜ்!

— ...சொல்லுங்கம்மா.

— டயர் வெடிச்சிருமாய்யா?

— வெடிக்காதும்மா. வண்டிதான் நின்னுருச்சுல்ல. பயப்படாதீங்க. வண்டிக்குள்ளயே இருக்காதீங்க, புழுங்கும். மெதுவா இறங்கி மரத்தடியில உக்காருங்க. மாத்திரை போட்டு ரொம்ப நேரம் வெறும் வயித்தோட இருந்தீங்கன்னா மயக்கம் வந்துரும், ஏதாவது சாப்பிடுங்க.

— மாத்திரையாய்யா?

— ஆமாம்மா.

— பிஸ்கட் இருக்கு. தின்னுக்கிடுதேன். உனக்கு அம்மா இருக்காவளாய்யா?

— இருக்காங்கம்மா.

— போய்ப் பாப்பியா?

— வாசல் வரைக்கும் போவேன்.

— ஏன், உள்ள போகமாட்டியா?

— கூப்பிடணும்லா.

— குரல் ஏன்யா இப்படிக் கம்முது?

— கடையில புழுதிம்மா. வேன்ல... வேன்ல புழுதி.

— சரி. ஏட்டி, போனைப் பிடி. நான் நிழலுக்குப் போறேன்.

— லே, ஸ்பீக்கரை அமத்திட்டேன். அம்மா மரத்தடிக்குப் போயிட்டாவ. நல்லவேளை, கண்டுபிடிக்கல.

— நல்லவேளைதான். யக்கா, நான் சொல்லுததைக் கவனமாக் கேளு. டிக்கியைத் திறந்து தரை அட்டையைத் தூக்கு. அடியில ஸ்டெப்னி டயர் இருக்கணும். இருந்தா ஏதாவது ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்து. பத்து நிமிசத்துல மாட்டிக் குடுத்துருவாங்க. போற வழியில கங்கைகொண்டான்ல நாலுக்கும் சரியாக் காத்தடிச்சிக்கோ. இப்ப மணி ரெண்டு. உங்க டோக்கனுக்குப் போயிரலாம்.

— இல்லேன்னா?

— சில புது வண்டிக்கு ஸ்டெப்னியே குடுக்கதில்ல. இல்லேன்னா மேலப்பாளையத்துல இருந்து நான்தான் டயரைத் தூக்கிட்டு வரணும். அங்கன வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆயிரும். டோக்கனும் போயிரும், அம்மா என் மூஞ்சியையும் பாக்க வேண்டியிருக்கும். அதனால இருக்கணும்னு ஜெபம் பண்ணிக்கோ.

— லே, உனக்கு எது வேணும்?

— திறந்து பாருக்கா. நேரம் போகுது.

— இரு. இந்த அட்டை வரமாட்டேங்கு. அம்மா வேற எந்திரிச்சு வாராவ. மறுபடி ஸ்பீக்கர்ல போடுதேன், ரெண்டு கையும் வேணும். பெருமாள்ராஜ் மாதிரியே பேசு.

— சரி டீச்சர்.

— ம்... வந்துட்டு, வந்துட்டு.

— இருக்கா, இல்லையா டீச்சர்?

— ஏட்டி, பதில் சொல்லாத. போனைக் கையால பொத்து.

— பொத்திட்டேன். ஏம்மா? பாருங்க, ஸ்டெப்னி புத்தம்புதுசா இருக்கு. மூணு மணிக்குள்ள போயிரலாம்.

— அட்டையைப் போட்டு மூடு. ஸ்டெப்னி இல்லன்னு சொல்லு ஹெப்ரான்கிட்ட.