நெட்பால் டீமும் ஸ்டெல்லாவின் உச்சிக்கொண்டையும்

"...தோக்கறதுன்னா சும்மா தோக்கறதில்லக்கா. நம்ம நெட்பால் டீம் பிளேன் ஏறிப் போயி, ஹோட்டல்ல தங்கி, கொடிக்கு முன்னால வெறப்பா நின்னு, அப்புறமா தோக்குது. சிங்கப்பூர்கிட்ட தோக்குது. மலேசியாகிட்ட தோக்குது. ஸ்ரீலங்கா, இத்தனூண்டு தீவு, அதுகிட்டயும் தோக்குது. பேப்பர்ல போடறானா? போடறான். ஏல நோட்டீஸுக்குக் கீழ ரெண்டு வரி. கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் தேடணும்..."

தேஹு ரோடு ஸ்டேஷனில் புனே லோக்கல் ஏறி உட்கார்ந்த கையோடு ஜோசபின் தொடங்கிவிட்டாள். எதிரில் ஜன்னலோரமாக ஓர் அம்மாள் தலையில் பூவும் மடியில் சம்புடமுமாக இட்லியை மிளகாய்ப்பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். மிளகாய்ப்பொடி தொடுகிற கை தமிழ்க் கைதான் என்று ஜோசபின் முடிவு கட்டியாயிற்று. கேட்டு உறுதி செய்துகொள்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் பேச்சு தடைப்படும். அந்த அம்மாளும் தங்கமானவர். வாயில் இட்லியோடு "ம்" என்றார், தலையாட்டினார், அவ்வளவுதான்.

மகள் ஸ்டெல்லா அடுத்த பெட்டியில் இருந்தாள். அம்மாவோடு ஒரே பெட்டியில் வர மாட்டேன் என்பது அவள் நிபந்தனை. அன்றைக்கு சிவாஜிநகர் பக்கத்து மைதானத்தில் இந்திய டீமின் பயிற்சி முகாமுக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நெட்பால் என்றால் என்ன தெரியுமா என்று கேட்டு ஜோசபினே பதிலும் சொன்னாள். கம்பத்தில் ஒரு வளையம், பின்னால் பலகைகூட இல்லை, அதில் பந்தைப் போட வேண்டும். பந்து கைக்கு வந்தால் ஓடக் கூடாது. மூன்று செகண்டுக்குள் அடுத்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தடுக்கிறவள் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். இந்தச் சட்டம் எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயடியில் இருந்தால் நான் ஏன் தினமும் அந்த விசாலாக்ஷியோடு சண்டை போடப் போகிறேன் என்றாள். அங்கிருந்து விசாலாக்ஷியின் பிளாஸ்டிக் குடத்துக்குப் போய், குடத்திலிருந்து தண்ணீர் விடுகிறவனுக்குப் போய், சிஞ்ச்வாட் ஸ்டேஷன் தாண்டித்தான் டீமுக்குத் திரும்பினாள்.

டீம் ஏன் தோற்கிறது? ஆள் எடுக்கிறவர்கள் ஒட்டடைக் கம்புகளாகப் பார்த்து எடுக்கிறார்கள். உயரம் இருக்கிறது, கை வளையத்தைத் தொடுகிறது, பந்துதான் உள்ளே போவதில்லை. ஸ்டெல்லாவோ கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். வாளி வளையத்தைத் தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில் கட்டிப் பழகிய பெண். போன வருஷம் ஒன்றரை அங்குலம் குறைகிறதென்று பந்தையே கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராணுவ டிப்போவில் வேலை பார்க்கும் அவள் அப்பா இருதயராஜ், பக்கத்து ஊரான சாகணில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறார். இந்தத் தடவையும் முகாமில் இடமில்லையென்றால் ஈஸ்டர் கழிந்து கல்யாணம். பெண் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இதைச் சொல்லும்போது ஜோசபினின் குரல் கம்மியது. கம்மின குரலோடேயே முன்னால் சாய்ந்தாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்னக்கா. அவ உச்சிக்கொண்டைக்குள்ள கொட்டாங்குச்சி வச்சிருக்கேன். மொதல்ல சாக்ஸைத்தான் சுருட்டி வச்சேன், அமுங்கிப் போச்சு. கொட்டாங்குச்சின்னா அளக்கற பலகை வந்து முட்டும்போது மண்டைல முட்டுன மாதிரியே இருக்கும். ஊசி போட்டு இறுக்கிருக்கேன். குதிச்சாலும் அசையாது."

அந்த அம்மாள் "ம்" என்றார். சிவாஜிநகர் வந்ததும் சம்புடத்தை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

மைதானத்தில் உயரம் அளக்கும் கம்பத்தின் பக்கத்தில், கழுத்தில் விசிலோடு நின்றவர் அதே அம்மாள்.

ஜோசபின் மாதாவே, மாதாவே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா போய் நின்றாள். பலகை இறங்கியது. டொக் என்று ஒரு சத்தம். அந்த அம்மாள் கொண்டையைப் பார்த்தார், அளவைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போகச் சொன்னார். அப்புறம் ஸ்டெல்லா போட்ட பந்தெல்லாம் வளையத்துக்குள் போயிற்று. மத்தியானம் முகாமுக்குத் தேர்வானவர்களில் அவள் பெயரும் வந்தது.

தெரிந்தும் காட்டிக்கொடுக்காத மகராசி! ஜோசபின் ஓடிப்போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் சங்கடத்தோடு ஹிந்தியில் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க, எனக்குத் தமிழ் வராது. ரயில்ல நீங்க சொன்னது ஒரு வார்த்தைகூடப் புரியல. ஏதோ மனக்கஷ்டம்னு மட்டும் தெரிஞ்சது." இட்லி, ஹாஸ்டல் மெஸ்ஸில் கட்டிக்கொடுத்ததாம்.

தப்பித்தோம் என்று அங்கிருந்து நடையைக் கட்டியிருக்க வேண்டும். தூரத்தில் நின்று ஸ்டெல்லாவும் வா வா என்று கையை ஆட்டினாள். ஆனால் ஜோசபின் நகரவில்லை. ஒரு வார்த்தைகூடவா? டீம் தோற்றது, பேப்பர்க்காரன், விசாலாக்ஷியின் குடம், சாகண் மாப்பிள்ளை, அத்தனையும் காற்றோடு போயிற்றா? அவள் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷ கன்டோன்மென்ட் ஹிந்தியில் சிங்கப்பூரிலிருந்து ஆரம்பித்தாள். அந்த அம்மாள் இப்போது ஆர்வமாகத் தலையாட்டினார், இடையிடையே "அச்சா" என்றார். அது ஜோசபினுக்குத் தெம்பாக இருந்தது.

கொட்டாங்குச்சிக்கு ஹிந்தியில் என்ன என்றுதான் தெரியவில்லை. அதனால் உள்ளங்கையைக் குவித்து, தன் உச்சந்தலையில் கவிழ்த்து, அதன்மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள்.

அந்த அம்மாளின் தலையாட்டல் நின்றது. எழுந்து, விசிலை ஊதி, ஸ்டெல்லாவைக் கம்பத்தடிக்கு வரச் சொன்னார்.