விழுந்தால் என் பக்கம் விழு

இலங்கைத்துறையில் இருந்து திருகோணமலைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

"மயங்கி விழுறதெண்டா என்ட பக்கம் விழடி. நான் பிடிக்கிறன்" என்றாள் நடைவழிக் கரையில் இருந்தவள்.

"பகிடி விடாத. எனக்கு நெஞ்சு இடிக்குது."

தாதியர் பயிற்சிக்குப் போக விரும்பும் ஏழைப் பிள்ளைகளுக்கு மிஸ் ஒருவர் இலவச வகுப்பு நடத்துகிறாராம். இன்று முதல் தடவையாக அவர்களை ஆஸ்பத்திரி வார்டுக்குள் கூட்டிப்போகிறாராம்.

"வீட்டில மீன் வெட்டுறாய் தானே? அதே ரத்தம்தான்."

"மீன் நோகுதெண்டு கத்தாது."

"கத்தினா நீயும் சேர்ந்து கத்து."

"நான் விழுந்தா, உனக்கு இந்த வேலை சரிவராதெண்டு மிஸ் சொல்லிப்போடுவா. பிறகு அப்பா என்னையும் அக்கா மாதிரி குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிப்போடுவார்."

கரையில் இருந்தவள் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி இறங்கு!" என்று கொண்டக்டர் கத்தினார்.

"எழும்படி, நீதானே கரையில இருக்கிறாய்."

கரையில் இருந்தவள் முன் கம்பியை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

"பொறு. எனக்குக் கால் நடுங்குது. நான் விழுந்தா நீ பிடிப்பியாடி?"