எதுக்குச் சிரிச்சேன்னு தெரியல

இல்ல பாய், நோட்டு வாங்க வரல. நீங்க வந்தவங்களைக் கவனிங்க, எனக்கு அவசரம் கிடையாது. இன்னைக்கு ஷிப்டுக்கு லீவு சொல்லிட்டேன். ஸ்டூலா? சரி, உக்காருதேன். காலு கடுக்கத்தான் செய்யுது.

ஆங், கூட்டம் போயிருச்சுல்லா. செத்த நேரம் பேசலாமா? எம் பேரு காசிராஜன், ஊரு வன்னியம்பட்டி. ராஜபாளையத்துல ஒரு மில்லுல ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டு, இருபத்தாறு வருசமா. என்னை உங்களுக்குத் தெரியாது, ஆனா பாத்திருக்கிய. ஞாயித்துக்கிழமை ராஜபாளையத்துல அந்த சிரிப்பு புரோகிராமுக்கு நீங்களும் வந்திருந்தியல்ல? கல்யாண மண்டபத்துல, மதுரக்காரரு ஒருத்தரு... ஆமா, அதான். திரும்பி வரும்போது பஸ்ஸுல எங்களுக்குப் பின் சீட்டு நீங்க. மடியில மஞ்சப்பை. எம் பொண்டாட்டி சன்னல் ஓரம், பச்சைச் சேலை. ஞாபகம் வந்துருச்சு, முகத்துல தெரியுது. எனக்கு உங்களை ஆள் அடையாளம் தெரியும் பாய். எம் மக படிக்கிற காலத்துல நோட்டெல்லாம் இங்கதான் வாங்குனது. அதான் நேரா அபுபக்கர் கடைன்னு வந்துட்டேன்.

அவ பேரு பரிபூரணம். கல்யாணம் முடிஞ்ச இந்த இருபத்து மூணு வருசத்துல நாங்க ரெண்டு பேரு மட்டுமா எங்கயும் போனது கிடையாது. ஆடிப்பூரத் தேருக்குப் போனா அது ஊரோட போறது. பிளவக்கல்லு டேமுக்கு ஒரு தடவை போனோம், அதுவும் ஒரே வேன்ல பதினாலு பேரு, சோத்துச் சட்டியைக் காவல் காக்கவே அவளுக்குச் சரியாப் போச்சு. ரெண்டே பேரா, தலை நிறையப் பூ வச்சு, வேடிக்கை பாக்கன்னு கிளம்புனது இதுதான் மொதல்.

அவதான் கேட்டா. மகளைச் சிவகாசியில கெட்டிக் குடுத்த பொறவு வீடு வெறிச்சுன்னு போச்சு. பக்கத்து வீட்ல அந்த மதுரக்காரரு கேசட்டு போடுவாங்க. இவ வெளக்குமாத்தைக் கையில பிடிச்சபடி சுவரோரமா நின்னு, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. நான் பாத்திருக்கேன். ஒரு நா நோட்டீஸைக் கொண்டாந்து எங்கையில குடுத்துட்டு அப்படியே நின்னா. சரி, போவோம்னேன். அவ நம்பவே இல்ல. நெசமாத்தானான்னு கேட்டுட்டு, பச்சைச் சேலையை அன்னைக்கே எடுத்து வெயில்ல போட்டுட்டா.

மண்டபத்துல கூட்டம் எம்புட்டுன்னு நீங்களே பாத்தியே. இவ எங்கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மூணாவது வரிசைக்குப் போயிட்டா. அந்த மனுசனுக்கு வேசம் கிடையாது, மேளம் கிடையாது. ஒரு மைக்கு, ஒரு டம்ளர் தண்ணி. ஒத்தை ஆளா நின்னு ரெண்டு மணி நேரம் அம்புட்டுப் பேரையும் ஆட்டி வச்சாரு. இவ முந்தானையால கண்ணைத் தொடச்சுத் தொடச்சுச் சிரிக்கா. சிரிச்சு முடியாம என் தொடையில அடிக்கா. நாலு பேரு முன்னாடி எம்மேல கை வச்சதே கிடையாது பாய் அவ. எனக்கு நல்லா இருந்துச்சு. மில்லு, வீடு, தூக்கம்னு கிடந்த ஒடம்பு, கொஞ்சம் இளகுன மாதிரி இருந்துச்சு.

என்ன கேட்டிய? எனக்கு எது பிடிச்சுதுன்னா?

அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்குக் காது கேக்காது பாய்.

வெளையாடல. உதட்டைப் பாத்துத்தான் இம்புட்டு நேரமும் பேசிக்கிட்டு இருக்கேன். நீங்க மீசையை மழிச்சிருக்கிய, சுளுவா இருக்கு. ஸ்பின்னிங்குல உள்ள நுழைஞ்சா மிசினு சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசுறது கேக்காது. எல்லாரும் வாயைப் பாத்துத்தான் பேசுவோம். அந்தப் பழக்கத்துலதான் ஒரு வருசமா ஓட்டிக்கிட்டு இருக்கேன். மொதல்ல குருவிச் சத்தம் போச்சு. குருவி இல்லாமப் போச்சுன்னு நெனச்சேன். பொறவு கொதிக்கிற சத்தம், பால் பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சிருக்கும், நான் பக்கத்துலயே நின்னுருப்பேன். போன பங்குனியில மில்லே அமைதியாயிருச்சு. மிசினு ஓடுறது எனக்கு உள்ளங்கால்லதான் தெரியுது.

டாக்டரா? டாக்டர்கிட்ட போனா மில்லுக்குத் தெரிஞ்சுரும்.

எங்க டிபார்ட்மெண்டுல சுப்புராஜ்னு ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் இப்படித்தான் போச்சு. சாப்பாட்டு நேரத்துல அவன் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, ஏலே சுப்புராஜ், ஒம் பொண்டாட்டி ஓடிப்போயிட்டாளாம்லேன்னு சொல்லுவேன். அவன் பாட்டுக்குச் சோறு பிசைஞ்சு தின்னுக்கிட்டு இருப்பான். மொத்தப் பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஆமா பாய், நான்தான். ஷிப்டுலயே பெரிய தமாசுக்காரன் நான்தான். கடைசியில அவனை மிசினை விட்டு எறக்கி வாசல் கூட்டப் போட்டாங்க. அவன் பொண்டாட்டியைத் தெருவுல செவிடன் பொண்டாட்டின்னு பேரு வச்சே கூப்பிட்டாங்க. ஒரு பொங்கலுக்கு ரெண்டு பேரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எந்த ஊருன்னு தெரியாது.

அதுக்குப் பொறவு நான் எந்த வாயை வச்சுக்கிட்டு எங்காது போச்சுன்னு சொல்லுவேன்?

பரிபூரணத்துக்கிட்டயும் சொல்லல. அடுப்படியில இருந்து என்னமாச்சும் கேப்பா போல. நான் பதில் சொல்லாம இருந்திருப்பேன். மொதல்ல வந்து சண்டை போட்டா. பொறவு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. வீம்பு பிடிச்ச மனுசன்னு நெனச்சுக்கிட்டா. நெனச்சுக்கிடட்டும்னு நானும் விட்டுட்டேன். செவிடன்கிறதுக்கு வீம்புக்காரன் தேவலன்னு பட்டுச்சு. தப்புத்தான். இப்ப தெரியுது.

சரி, மண்டபத்துக்கு வாரேன். அந்த மதுரக்காரரு பேசுனதுல ஒரு சொல்லு எனக்குக் கேக்கல. மைக்கு வாயை மறைக்குது, உதடும் தெரியல. நான் அவரை அதிகம் பாக்கவே இல்ல பாய். பரிபூரணத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ சிரிச்சா நான் சிரிப்பேன். அவ கைதட்டுனா நானும் தட்டுவேன். ஒரே ஒரு தமாசு எனக்குப் புரிஞ்சுது. மேடையில அந்த ஆளு கையைக் காதுல குவிச்சு வச்சுக்கிட்டு, வாயைப் பொளந்து, இப்படிக் குனிஞ்சாரு பாருங்க... ஆமா, செவிட்டு மாமனாரு. மண்டபம் அதிருறது நாற்காலியிலயே தெரிஞ்சுது. பரிபூரணம் சிரிச்சதுல பூவே கழண்டு விழுந்துருச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

பொறவு பஸ்ஸு. நீங்கதான் பாத்தியே, எல்லாம் புரோகிராம் பாத்த கூட்டம். ஆளாளுக்கு அந்த ஜோக்கையே திருப்பிச் சொல்லிச் சிரிச்சிட்டு வாராங்க. பரிபூரணம் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு என்னமோ பேசிக்கிட்டு வாரா. எனக்கு அவ கழுத்தும் பூவுந்தான் தெரியுது. தலையை ஆட்டிக்கிட்டே வந்தேன். அவ தோளு குலுங்குச்சு. சிரிக்கான்னு நெனச்சேன். கடைசியா எம்பக்கம் திரும்புனா. வெளிய வெயிலு சாயுது, அவளுக்குப் பின்னால சன்னல்ல அம்புட்டு வெளிச்சம், மொகம் இருட்டாத் தெரியுது. கண்ணு மட்டும் ஈரமா மினுங்குச்சு. மண்டபத்துலயும் அப்படித்தான மினுங்குச்சு. என்னமோ கேட்டா. கேட்டுட்டு என்னையே பாத்தா.

அவளும் அந்த ஜோக்கைச் சொல்லி முடிச்சுட்டான்னு நெனச்சேன் பாய். சிரிச்சேன். சும்மா இல்ல, நல்லாத் தொடையைத் தட்டிச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே பின்னால திரும்புனா நீங்க இருக்கிய. பஸ்ஸே சிரிச்சுக்கிட்டு இருக்கு, உங்க மொகத்துல மட்டும் சிரிப்பு இல்ல. என்னை ஒரு மாதிரியாப் பாத்தியே. நான் சட்டுன்னு முன்னால திரும்பிக்கிட்டேன்.

திங்கக்கிழமை ஷிப்டு முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அவ இல்ல. சோறு மூடி வச்சிருந்துச்சு. மகாராஜபுரத்துல அவ அண்ணன் வீடு. போயிட்டு வருவான்னு இருந்தேன். நேத்து அவ அண்ணன் சந்தனம் வந்து அவ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போறாரு. வாசல்ல நின்னு கத்துனாரு. கோவத்துல பேசுற வாயைப் படிக்கிறது கஷ்டம் பாய். ஒண்ணே ஒண்ணுதான் புரிஞ்சுது. சிரிச்சீராமே, நீரெல்லாம் ஒரு மனுசனா. அம்புட்டுத்தான்.

எதுக்குச் சிரிச்சேன்னு எனக்குத் தெரியணும். இப்ப மகாராஜபுரத்துக்குத்தான் கிளம்பிக்கிட்டு இருக்கேன். அவ என்ன கேட்டான்னு தெரியாம அவ மொகத்துல எப்படிப் போயி முழிக்க? அடுத்தவங்க குடும்ப விசயம்னு நீங்க யோசிக்கிய, புரியுது. ஆனா அந்தப் பஸ்ஸுல அவ சொன்னதைக் காதால கேட்டது நீங்க ஒருத்தர்தான். இந்தா இருக்கு பாருங்க, உங்க மேசையில பேப்பரும் பேனாவும். எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். அவ சொன்னதை அப்படியே எழுதுங்க. எனக்காக நல்லதா மாத்தி எழுதிராதீங்க.

ம். மெதுவா எழுதுங்க.

குடுங்க. ஒரு வருசமா... ஏங்கூட... ஒரு வார்த்தை பேசல. எதுக்கும் பதில் இல்ல. இன்னைக்கு என்னைக் கூட்டிட்டு வந்தியளேன்னு... சந்தோசமாத்தான் இருந்தேன். அதான் இப்பவே கேட்டுருதேன். நான் எங்க அண்ணன் வீட்டோட போயிருதேன். வேண்டாம், போகாதன்னு... ஒரு சொல்லு சொல்லுங்க... இருந்துருதேன். சொல்லுவியளா.

இம்புட்டுத்தானா பாய்? வேற ஒண்ணும் இல்லியா?

இதுக்கா சிரிச்சேன்.

இல்ல, தண்ணி வேண்டாம். ஒண்ணும் செய்யல எனக்கு. இந்தத் தாளை நான் வச்சுக்கிடுதேன். ஒரே ஒரு உதவி. அவ அண்ணன் வீட்டு வாசல்ல எப்பவும் நாலஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க. அங்க நின்னு நான் சொல்லணும். ஏஞ்சத்தம் எனக்கே தெரியாது, கூடுதா கொறையுதான்னு நீங்கதான் சொல்லணும். சொல்லிப் பாக்குதேன், கேளுங்க.

பரிபூரணம், எனக்குக் காது கேக்காது. நீ வந்துரு.

எப்படி இருக்கு? கூடிப்போச்சா? ரோட்டுல போறவங்க நின்னு பாக்காங்களா? பாக்கட்டும் பாய். இன்னொரு தடவை சொல்லிப் பாக்குதேன்.