மூங்கில் துடுப்பு

மெழுகு கிண்டுகிற துடுப்பைத் தண்ணீரில் கழுவக் கூடாது. இது தெரியாமல்தான் பல பேர் வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஊற்றுகிறோம் என்று கிளம்பிக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். அப்புறம் தவிடு போட்டுத் தேய்த்தால், மிச்சமிருக்கும் மெழுகைத் தவிடு எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஓட்டின் மேல் வெயிலில் போட்டுவிட்டால் போதும். குசினியில் குழம்பு கிண்டுகிற கரண்டியை இதற்கு எடுக்கவே கூடாது. உங்கள் வீட்டு அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், ஐயா.

விக்டோரியா எப்படிச் செத்தாள் என்றுதானே கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஆக்னஸ். கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் என்னை எல்லோருக்கும் தெரியும். அப்பா சங்கு குளிக்கப் போனவர், ஒரு நாள் மேலே வரவில்லை. அம்மா அதற்கு முன்பே, என் தம்பி செபாஸ்டினைப் பெற்ற காய்ச்சலில் போய்விட்டாள். அவனை நான்தான் வளர்த்தேன். மடத்துக் கன்னியாஸ்திரிகளிடம் மெழுகுவர்த்தி ஊற்றக் கற்றுக்கொண்டு, அதில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு வரன்கள் வந்தன. தம்பியும் என்னோடு வருவான் என்று சொன்னேன். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு வாய்ச் சோறு ஊட்டுவது ஆண்டவர் பார்க்கிற காரியம்.

துடுப்பைப் பற்றிச் சொன்னேன். எதில் வேண்டுமானாலும் கிண்டலாம் என்று நினைக்காதீர்கள். இரும்புக் கரண்டி துருப்பிடிக்கும், வெள்ளை மெழுகில் செம்மை இறங்கிவிடும். எவர்சில்வர் கைப்பிடி வரைக்கும் சுடும். பனை மட்டையில் நார் உதிர்ந்து, திரி எரியும்போது படபடக்கும். நன்றாகக் காய்ந்த தேக்குச் சட்டம்தான் நல்லது. என்னுடையதை உடைந்த தோணித் துடுப்பிலிருந்து செபாஸ்டின் இழைத்துக் கொடுத்தான்.

மூங்கில் மட்டும் ஆகவே ஆகாது. அதன் உள்ளே வெறுங்கூடு. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் ஈரம் நின்றால் வெளியே தெரியாது. அளவு மீறிச் சூடேறிய மெழுகுக்குள் கொஞ்சம் தண்ணீர் போனால் போதும், பானையில் உள்ளது அத்தனையும் சீறிக்கொண்டு வெளியே வரும். கீழே அடுப்பு எரிகிறது. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அதனால்தான் நான் மெழுகுப் பானையை வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கி வைத்து உருக்குவேன். அப்போது மெழுகு அவ்வளவு சூடேறாது. நேரமாகும், ஆனால் பத்திரம்.

விக்டோரியாவுக்கு நேரமாவது பிடிக்காது. புன்னைக்காயலிலிருந்து என் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள். நல்ல பெண், அதை நான் மறைக்க மாட்டேன். என்னிடம்தான் தொழில் கற்றாள். ஆனால் பானையை நேராக அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

"ஏளா, அண்டாவுல வச்சு உருக்கு" என்பேன்.

"அண்டா கொதிக்கதுக்குள்ள கல்லறைத் திருநாளே முடிஞ்சி போவும் மைனி" என்பாள்.

ஒரு நாள் மதியம் நான் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செபாஸ்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனிடம், "நம்ம மைனிக்கு எதுக்கு மாப்பிள்ள பாத்தாங்க? அந்தத் துடுப்புக்கே கட்டிக் குடுத்திருக்கலாம். எப்பிடித் தடவுதாங்க பாருங்க" என்றாள். செபாஸ்டின் சிரித்துவிட்டான். வாயில் சோறு இருந்ததால் புரையேறியது. நான் கோபப்படவில்லை. அவன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். அவள் தட்டில் இன்னொரு துண்டு சீலா மீன் வைத்தேன். ஒரு சொல் கேட்டால் அதற்கு ஒரு நன்மை செய்துவிட வேண்டும். அப்படித்தான் நான் வாழ்ந்து வருகிறேன்.

செபாஸ்டின் தோணிக்காரன். உப்பு ஏற்றிக்கொண்டு கொச்சிக்கும், சில நேரம் கொழும்புக்கும் போவான். புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து தோணித் தொழிலை விடப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஐப்பசியில் ஒரு நாள் வந்து சொன்னான்.

"அக்கா, துறைமுகத்துல வேல கெடச்சிருக்கு. குவாட்டர்ஸும் தாராங்க. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் நாங்க அங்கன போயிரலாம்னு இருக்கோம்."

"நான்?"

"ஒனக்கு இங்கன கோயில் இருக்கு. பக்கத்து வீட்டுல ரோஸக்கா இருக்கா. ஞாயித்துக்கிழம தோறும் வந்துருவோம்லா."

சொல்லிவிட்டுக் கடைசி நடை கொச்சிக்குப் போனான். நான் சரி என்றேன். அவனுக்குக் கருவாடும் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தேன். அப்புறம் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். விக்டோரியாவுக்குக் கையில் ஒரு காயம் பட்டால் தனியாகக் குடித்தனம் செய்ய முடியாது. சோறு பொங்க, துணி துவைக்க ஆள் வேண்டும். நான்தான் இருக்கிறேன். அவளை உட்காரவைத்து ஊட்டிவிடக்கூட நான் தயாராக இருந்தேன். யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

அந்தச் சமயத்தில் அவளுடைய துடுப்பு கீறல் விட்டது. அது தானாகவே கீறியது. அதை நான் செய்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். "மைனி, எனக்கும் ஒண்ணு பாத்து எடுத்துக் குடுங்க. ஒங்க கண்ணு மாதிரி எனக்கு வராது" என்றாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தி கேட்டுக்கொண்டிருந்தது. நான் நாலு இடம் அலைந்து, வழுவழுப்பான மூங்கில் ஒன்று எடுத்து வந்தேன். மூங்கில் ஆகாது என்பதை மட்டும் அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "காத்து மாதிரி இருக்கு மைனி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"பொறு, சுத்தம் பண்ணித் தாரேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கரித்துண்டாக எடுத்து வந்திருக்கிறீர்களே, அதில் கணுவுக்கு மேலே ஒரு துளை இருக்கும். ஆணி முனை அளவுதான். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. துளை மெழுகால் அடைபட்டிருந்தது. சூட்டில் மெழுகு இளகாதா, அது இளகத்தானே செய்யும். யார் அடைத்தது என்று கேட்கிறீர்கள். நான்தான். பெருவிரலால் தடவித் தடவி, அவள் கைக்குத் தட்டுப்படாமல் அடைத்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை.

அன்றைக்கு அவள் பானையை நேராக அடுப்பில் வைத்தாள். வழக்கமாக நான் கண்டிப்பேன். அன்று கண்டிக்கவில்லை. செபாஸ்டின் கொழும்பிலிருந்து கொண்டுவந்த நைலக்ஸ் சேலையைக் கட்டியிருந்தாள். மெழுகு வேலைக்குப் பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். ஆனால் அவள் ஆசையாக, "எப்பிடி இருக்கு மைனி?" என்று கேட்டாள். "நல்லாருக்குளா" என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒருவரைக் காலையில் ஒரு நல்ல வார்த்தையோடு விட்டுப் போவது எவ்வளவு சின்னக் காரியம்.

அடுப்புப் பக்கத்தில் எப்போதும் ஈரச் சாக்கு ஒன்று போட்டிருப்போம். தீப்பிடித்தால் மேலே போர்த்துவதற்கு. அன்று அதை நான் துவைத்துச் சுவரில் காயப்போட்டிருந்தேன். ரோஸ் சத்தம் கேட்டு ஓடிவந்து அதைத்தான் தேடியிருக்கிறாள், பாவம். கிடைக்காமல் குடத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். மெழுகுத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்.

நான் பூசையில் இருந்தேன். அவளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். தீப்பிடித்த செய்தி வந்த பிறகா என்று கேட்கிறீர்கள். இல்லை, முன்பு. மாதா சுரூபத்துக்கு முன்னாலா என்றால், அதுவும் இல்லை. இறந்தவர்களுக்காக ஏற்றுகிற இடத்தில்தான். அங்கே கூட்டம் குறைவாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருந்தேன். பேச்சு இருக்கும்போது ஒரு முறை, "துடுப்பச் சரியா காயப்போடாம விட்டுட்டேன் போல மைனி. அவுக வந்தா திட்டுவாவ" என்றாள்.

"திட்ட மாட்டான். நான் சொல்லிக்கிடுதேன். நீ ஒறங்கு" என்றேன்.

"நீங்க எவ்வளவோ சொன்னிய. நான்தான் கேக்கல."

அவள் நெற்றியில் சிலுவை போட்டேன். அவள் என்னைத் துடுப்புக்குக் கட்டிக் கொடுத்திருக்கலாம் என்று கேலி செய்ததை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. விடியும்போது அவளும் போய்விட்டாள்.

உங்கள் ஏட்டு சிவனாண்டி வீட்டுக்கு வந்து, "பொண்ணுதான் கவனமில்லாம இருந்துருக்கு. கேஸ முடிச்சிரலாம், அழாதீங்கம்மா" என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை. செத்துப்போன பெண் மேல் கவனமில்லாதவள் என்று ஒரு கெட்ட பெயர் விழலாமா? அவளால் வந்து மறுத்துச் சொல்ல முடியாதே. அவளுக்கு என்னால் ஆன கடைசி உதவி என்று நினைத்துத்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். விக்டோரியாவிடம் ஒரு குற்றமும் இல்லை, ஐயா. துடுப்பைத் தேர்ந்தெடுத்தது நான். தண்ணீர் ஊற்றி அடைத்தது நான். சாக்கை எடுத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்தால் நான் கிளம்ப வேண்டும். தோணி நாளைக் காலையில் கரை பிடிக்கும் என்கிறார்கள். செபாஸ்டினுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கரையில் அவனைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா? கொஞ்ச நாள் அழுவான், அழட்டும். பிறகு சாமான்களைக் கட்ட வேண்டும். அந்தக் குவாட்டர்ஸில் ஒரு அறையும் குசினியும்தானாம். இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம் என்று அவனே சொல்லியிருக்கிறான்.