இப்ப பரவால்லீங்க

படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் எனக்குப் பிடிக்காது. தருமபுரியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தபோது வந்த பழக்கம் அது. விரிப்பு இழுத்து விறைப்பாக இருந்தால், அதில் படுத்திருப்பவருக்குப் பாதி குணம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றும். இப்போது நான் நர்ஸ் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் நோயாளர் நல அலுவலர். ஆனாலும் வார்டு வழியாகப் போனால் கை தானாக விரிப்பை இழுத்துவிடும்.

எங்கள் மருத்துவமனை பொம்மிடியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, புளியமரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் இருக்கிறது. ஐந்து மாடி. கட்டியவர் சேர்மன் பூபதி ஐயா. கல்லூரிக்கு அனுமதி நீடிக்க வேண்டுமானால் ஆய்வுக் குழு வரும் நாளில் முந்நூறு கட்டில்களும் நிறைந்திருக்க வேண்டும். சாதாரண நாளில் எங்களிடம் முப்பது, நாற்பது பேர்தான் படுத்திருப்பார்கள். ஊரிலிருந்து தள்ளி இருக்கிறோம், பேருந்து குறைவு. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஐயா எதையும் செய்யச் சொன்னதில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கு நான்கு நாள் முன்னால் கூப்பிட்டு, மேசைமேல் இருக்கும் கண்ணாடி உருண்டையை உருட்டிக்கொண்டே, "சுமலதா, பாத்துக்கம்மா" என்பார். அவ்வளவுதான். எங்கள் நிர்வாகம் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நடக்கிறது. அவர் என்னிடம் சொல்வார், நான் வேன் ஓட்டுநர் மாதுவிடம் சொல்வேன், மாது ஊருக்கு ஒருவரிடம் சொல்வார். ஆய்வு நாள் விடிவதற்குள் ஏரியூரிலிருந்தும் கம்பைநல்லூரிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். சாப்பாடு, முட்டை, போகும்போது ஆளுக்கு ஒரு போர்வை. மலை ஆட்களுக்குப் போர்வை என்றால் உயிர்.

அவர்களுக்கு நோய் கொடுப்பது என் வேலை. கேட்கக் கொடூரமாக இருக்கலாம், உள்ளே இருந்து பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொருவர் பெயரிலும் மூன்று நாள் முன்தேதியிட்டு ஒரு கோப்பு தயாராக இருக்கும். காய்ச்சல் அளவு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, நர்ஸின் கையெழுத்து, எல்லாம். நான் கட்டில் கட்டிலாகப் போய் அவரவர் நோயைச் சொல்லிக் கொடுப்பேன்.

கம்பைநல்லூர் கோவிந்தம்மாள் எப்போதும் தகராறு. "போன தடவ எனக்கு சக்கரைன்னு எழுதுனீங்க, இந்த தடவ பித்தப்பையில கல்லுங்கறீங்க. சக்கரையே இருக்கட்டுங்க மேடம், அது எனக்குப் பழகிப்போச்சு" என்பார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்து பாஞ்சாலி சிரிப்பார். சித்தேரியில் சாமை விதைக்கும் குடும்பம், ஐம்பத்திரண்டு வயது. நான்கு ஆய்வுக்கு வந்தவர். நான்கு முறையும் நெஞ்சுவலிதான், ஜன்னல் ஓரத்துப் பதினான்காம் கட்டில்தான்.

"அவளுக்கு மட்டும் நெஞ்சுவலி. நோகாம படுத்துக் கெடக்கலாம். மேடத்துக்கு என்னத்தடி கொண்டாந்து குடுக்குற, தேனா?" என்று கோவிந்தம்மாள் வம்புக்கு இழுப்பார்.

"உனக்கு வேணுமின்னா மாத்திக்க. எம்பட நெஞ்சு, உம்பட கல்லு" என்பார் பாஞ்சாலி.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் உண்டு. ஆய்வுக் குழுவில் யாராவது நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இப்ப பரவால்லீங்க, டாக்டருங்க நல்லா பாத்துக்கறாங்க" என்று சொல்ல வேண்டும். பலர் பதற்றத்தில் உளறிவிடுவார்கள். பாஞ்சாலி மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார். ஒரு முறை ஆய்வாளர் ஒருவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வரும்போதெல்லாம் அதை எனக்கு நினைவுபடுத்துவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருட ஆய்வு சாமை அறுப்பு நேரத்தில் வந்தது. மலையிலிருந்து ஆள் கிடைக்கவில்லை. மாது பாதி வேன்தான் கொண்டுவந்தார். கடைசியாக பாஞ்சாலி இறங்கினார், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

"மேடம், இன்னிக்கு மெய்யாலுமே நோவுதுங்க" என்றார்.

நான் சிரித்தேன். "அப்ப நல்லா நடிப்பீங்க, போங்க" என்றேன். தமாஷ் என்று நினைத்துவிட்டேன். அன்று நான் செய்த தவறு அந்த ஒன்றுதான். மற்றவை எல்லாம் யோசித்து எடுத்த முடிவுகள்.

பதினோரு மணிக்குப் பயிற்சி மருத்துவர் பிரியதர்ஷினி என்னைத் தேடி ஓடிவந்தாள். இருபத்து நான்கு வயதுப் பெண், கெட்டிக்காரி. கையில் இதயத் துடிப்பு எடுத்த ஈ.சி.ஜி. தாள். "மேடம், பதினாலாம் பெட்டு பேஷண்டுக்கு நிஜமாவே அட்டாக். உடனே ஊசி போடணும்."

போய்ப் பார்த்தேன். பாஞ்சாலியின் நெற்றி, கழுத்து எல்லாம் வியர்வை. மின்விசிறி தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருட நர்ஸுக்கு அந்த வியர்வையைத் தாள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். "நோவு கைக்கு எறங்குதுங்க" என்றார். இது இரண்டாவது முறை.

நீங்கள் என் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். கோப்பின்படி அவருக்கு மூன்று நாள் முன்பே மாரடைப்பு வந்து, ஊசியும் போட்டாகிவிட்டது. இன்று குணமடைந்துகொண்டிருக்கிறார். இப்போது ஊசி போட்டால் கோப்பு பொய். ஒரு கோப்பு பொய் என்றால் முந்நூறும் பொய். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால், அங்கே எட்டுக் கட்டிலிலும் ஏரியூர் ஆட்கள், ஆய்வுக் குழுவும் அந்த நிமிடம் அங்கேதான் நின்றது. கல்லூரி மூடினால் அறுநூறு மாணவர்கள் எங்கே போவார்கள். இருநூறு நர்ஸுகள், காவலாளிகள், சமையல்காரர்கள். நான் எல்லாரையும்தான் நினைத்தேன். என்னை நினைக்கவில்லை.

மருத்துவர் இல்லாமல் இல்லை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் மருத்துவமனையில் எல்லா மருத்துவர்களும் இருப்பார்கள். இதய நிபுணர் சேலத்திலிருந்து வந்திருந்தார். இரண்டு மாடி மேலே, கூட்ட அறையில், டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிரியதர்ஷினியின் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டேன். "உன் பயிற்சி முடிய இன்னும் நாப்பது நாள்தானேம்மா. சான்றிதழ்ல கையெழுத்து வேணுமில்ல. நீ போயி குழந்தைங்க வார்டப் பாரு. இத நான் பாத்துக்கறேன்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு போனாள்.

அந்தத் தாளை வீசவில்லை. மூன்று நாள் முன்தேதி போட்டுக் கோப்பிலேயே வைத்தேன். நோய்க்கு அச்சாகப் பொருந்தியது. அந்தக் கோப்பில் உண்மையான தாள் அது ஒன்றுதான்.

பாஞ்சாலியிடம் குனிந்து சொன்னேன். "ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கங்க. அவங்க வந்து கேட்டா, சொல்லிக்குடுத்தத மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் பெரிய டாக்டரயே கூட்டியாறேன்."

"செரிங்க" என்றார்.

முகத்தைத் துடைத்துவிட்டேன். விரிப்பை இழுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் குழு வந்தது. கோவிந்தம்மாளைத் தாண்டி நேராகப் பதினான்காம் கட்டிலில் நின்றார் ஆய்வாளர், கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர். கோப்பைப் புரட்டினார். தமிழில்தான் கேட்டார், "எப்படிம்மா இருக்கு?"

பாஞ்சாலி அவரைப் பார்த்தார். பிறகு அவர் தோளுக்குமேல் என்னைப் பார்த்தார்.

"இப்ப பரவால்லீங்க" என்றார். "டாக்டருங்க நல்லா பாத்துக்கறாங்க."

ஒரு எழுத்து பிசகவில்லை.

ஆய்வுக் குழுவுக்கான சாப்பாடு மூன்று மணிவரை நீண்டது. இதய நிபுணர் சேர்மன் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் அந்த அறைக் கதவுவரை போனேன், இதையும் எழுதிவைக்கிறேன். அப்போது தோன்றியது, இப்போது வந்து பார்த்தால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, பதினோரு மணிக்கே ஏன் கூப்பிடவில்லை என்பதாக இருக்கும். திரும்பி வந்தேன். பாஞ்சாலி கண்ணைப் பாதி மூடிப் படுத்திருந்தார். முன்பைவிட அமைதியாக இருந்ததாகவே எனக்குப் பட்டது.

அவர் அங்கே இறந்தால் இறப்புத் தணிக்கை, பிரேதப் பரிசோதனை, உறவினர்கள், கேள்விகள். கோப்பில் மாலை நான்கு மணிக்கு வீடு திரும்புதல் என்று முன்பே எழுதியிருந்தது. நான்கு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். மலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் எனக்குத் தெரியும்.

அரூர் தாண்டியதும் மாது போன் செய்தார். "மேடம், அந்தம்மா தூங்கிட்டுதான் வந்தாங்க. எழுப்புனா எந்திரிக்கலீங்க. வண்டியத் திருப்பட்டுமா?"

"வேண்டாம். வூட்டுல எறக்கி வுட்டுட்டு வா" என்றேன். போர்வை கொடுத்தாயா என்று கேட்டேன். போர்த்தித்தான் இருக்கிறது என்றார்.

ஒரு மாதம் கழித்து எங்கள் புகார்ப் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. பாஞ்சாலியின் கணவர் சென்றாயன் யாரிடமோ எழுதி வாங்கிப் போட்டிருந்தார். "என் சம்சாரம் நல்லா இருக்குதுன்னு எழுதி அனுப்புனீங்க. அப்புறம் எப்படி செத்துச்சு?" அவ்வளவுதான் இருந்தது. அந்தப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. புகார்க் குழுவின் செயலரும் நான்தான். ஐயா தாளைப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார். "பாத்துக்கம்மா."

முறைப்படி விசாரித்தேன். கோப்பு சரியாக இருந்தது. ஆய்வாளர் முன்னிலையில் நோயாளியே நலமாக இருப்பதாகச் சொன்னதற்கு ஒரு வார்டே சாட்சி. சிகிச்சையில் குறை இல்லை என்று குழு முடிவெடுத்தது. நானாக ஒரு சீர்திருத்தமும் கொண்டுவந்தேன். இனி ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்சு நோய் எழுதுவதில்லை. ஐயா பாராட்டினார். அந்த வாரம்தான் கல்லூரிக்கு ஐம்பது மாணவர் இடங்கள் கூடுதலாகக் கிடைத்த செய்தியும் வந்தது.

பிரியதர்ஷினி புகார்க் குழுவின் முன் வந்தாள். எதுவும் நினைவில்லை என்றாள். அவள் சான்றிதழில் அன்றே கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முடிவைச் சொல்லச் சென்றாயனை வரவழைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டீயைத் தொடவில்லை.

"ரெண்டு நாளாவே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னாளுங்க" என்றார். "அரூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன். எதுக்கு, நாளன்னிக்கு ஆஸ்பத்திரி வண்டி வருதில்ல, மேடத்துகிட்ட சொல்லிக்கறேன்னு இருந்துட்டா."

டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேங்க. நோவுதுன்னு உங்ககிட்ட சொன்னாளாங்க?"

"இல்லீங்க. நல்லா இருக்கேன்னுதான் சொன்னாங்க."

அவர் முகம் இளகியது. "அப்ப நோவு இல்லாமத்தான் போயிருக்கா" என்றார். கோப்பின் நகலைக் கொடுத்தேன். படிக்கத் தெரியாது, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு நான் கொடுத்த நிம்மதியை வேறு யார் கொடுத்திருப்பார்கள்.

பாஞ்சாலி என்னிடம் சொன்னது மூன்று முறை. மூன்றாவது முறை வாயால் சொல்லவில்லை. நான்கு மணிக்கு நானும் மாதுவும் அவரை வேனில் ஏற்றியபோது, படியில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பெரிய டாக்டரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. வேனுக்குப் பின்னால் ஆய்வுக் குழுவின் கார் கிளம்பத் தயாராக நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து அந்த அம்மாள் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். பாஞ்சாலியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

வலிக்காமல்தான் எடுத்தேன்.